பூனைக்குப் பெட்டி வைக்கிற வேலை

தம்பி,

நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. கணக்கப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். வாசித்துக் காட்டவா என்று கேட்டார், வேண்டாம் என்று சொல்லி நானே வாசித்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனது அதற்காவது உதவுகிறது. பதில் எழுதத்தான் இத்தனை நாளாகிவிட்டது. ஒவ்வொரு எழுத்தாகக் கோர்க்க வேண்டியிருக்கிறது, இந்த டயகமத் தோட்டத்துக் குளிரில் விரலும் மடங்க மாட்டேன் என்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் அப்பாவின் கருமாதி முடிந்து நீயும் சரோஜாவும் பஸ் ஏறிப் போன பிறகு, அவர் படுத்துக் கிடந்த மூலையைச் சாணம் போட்டு மெழுகினேன். மெழுகியும் அந்த இடத்தில் பாய் விரிக்க மனசு வரவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே சுருண்டுகொள்கிறேன். ராத்திரி இருமல் சத்தம் கேட்காமல் தூக்கம் பிடிக்கவில்லை. இத்தனை வருஷம் அந்த இருமலைத் திட்டிக்கொண்டே தூங்கினவள் நான்.

கடிதத்தில் இரண்டு சங்கதி எழுதியிருந்தாய். லயத்துக் காம்பராவில், இந்த ஒற்றை அறையில் தனியாகக் கிடக்காமல் ஹட்டனுக்கு வந்து உங்களோடு இருக்கச் சொல்லி ஒன்று. சரோஜா எடுத்து வளர்க்கிற பூனைக்குட்டியைப் பற்றி இன்னொன்று. மேல்வீட்டில் முற்றம் கிடையாது, குட்டி படியிறங்கிக் கீழே முதலாளியின் துணிக்கடைக்குள் போய்த் துணிக்கட்டில் மூத்திரம் பெய்துவிடுகிறது என்று எழுதியிருந்தாய். முதலாளி சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தாய். "பூனைய அடிக்கக் கூடாது தம்பி, அது பாவம். ஆனா சீத்தைத் துணியில நாத்தம் வந்தா யாரு வாங்குவா? ஒரு வழியப் பாருங்க, இல்லாட்டி மேல்வீட்ட நான் வேற ஆளுக்குக் குடுக்க வேண்டி வரும்." அதற்குச் சரோஜா, "அத்தைக்கு எழுதிக் கேளுங்க, அவங்க பங்களாவுல இருந்தவங்கதானே" என்றாளாம். அதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். இந்த வீட்டில் சாவு விழுந்த பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். மருமகள் ஒரு காரியத்துக்கு என்னைக் கேட்கச் சொன்னாளே என்று இருந்தது. அதற்குக் கீழே, காகிதத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். பூனை வேலையெல்லாம் பங்களா வாசல்கூட்டி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி எழுதுங்கள் அம்மா, சரோஜாவும் வாசிப்பாள் என்று.

அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டேன். உன் மேல் கோபம் என்று நினைத்துவிடாதே. எனக்கு வெட்கமாக இருந்தது. நீ அந்தப் பொய்யை வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, என்னிடம் படித்துக்கொண்டாய். அதனால் உன்னோடு வந்து இருப்பதா வேண்டாமா என்பதை இந்தக் கடிதத்தில்தான் நான் தீர்க்க வேண்டியிருக்கிறது. இங்கேயும் காலம் கடத்த முடியாது. பேர் பதிந்து வேலை செய்யாத ஆளுக்குக் காம்பரா கிடையாது, புதிதாகக் கலியாணம் கட்டிய சோடி ஒன்று காத்திருக்கிறது என்று தோட்டத்து வேலை பார்க்கிற கண்டாக்கையா ஆள் விட்டுச் சொல்லிவிட்டார். ஒன்று, நான் திரும்பவும் கொழுந்துக் கூடை தூக்க வேண்டும். இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு வர வேண்டும்.

முதலில் பூனைக்கு வேண்டியதைச் சொல்கிறேன். அது வாயில்லாத ஜீவன், நம் சங்கதி முடிகிற வரைக்கும் காத்திருக்காது. ஒரு தேயிலைப் பெட்டியைத் தேடிப் பிடி. ஹட்டனில் அதற்குப் பஞ்சமா, முதலாளியே துணி போட்டு வைக்க இரண்டு மூன்று வைத்திருப்பார். அதை அப்படியே வைக்காதே, அது உன் முழங்காலுக்கு மேல் இருக்கும், குட்டி ஏறாது. அடியிலிருந்து ஒரு சாண் உயரம் விட்டுச் சுற்றிலும் அறுத்துவிடு. முன்பக்கம் மட்டும் அதிலும் பாதியாகக் குறை, குட்டி காலைத் தூக்கி வைத்தால் உள்ளே போக வேண்டும். ஓரத்துத் தகரத்தையும் ஆணியையும் பார்த்துப் பார்த்து மடக்கித் தட்டு. ஒரே ஒரு தடவை பாதத்தில் குத்தினால் போதும், அந்தப் பெட்டி இருக்கிற அறைக்கே அது பிறகு வராது. அகலத்தைக் குறைக்கலாம் என்று நினைக்காதே. பூனை உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து, கிளறி, திரும்பி உட்காரும். வளர்ந்த பிறகும் சுற்ற இடம் வேண்டும். பங்களாப் பூனைக்கு நான் முதலில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றைப் படுக்க வைத்துக் கொடுத்தேன். அது முன்னங்காலை மட்டும் உள்ளே வைத்து, பின்பக்கத்தை வெளியே வைத்துப் போய்விட்டது. தான் பெட்டிக்குள் போனதாகவே அது நினைத்துக்கொண்டது. அதைக் குற்றம் சொல்ல முடியுமா.

நான் எப்படி அந்த வேலைக்குப் போனேன் என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நீ அப்போது பிள்ளைமடுவத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்திருந்தாய். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி வழுக்கி உன் அப்பாவுக்கு இடது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. அவருக்குப் பாதிப் பேர், அரைநாள் கூலிதான் விழுந்தது. பங்களாவில் துரைசாணியின் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் கேட்டார்கள், நான் போனேன். ஆயா என்றால் லயத்தில் தனி மதிப்பு. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் எனக்கு முதலில் வழி விடுவார்கள். வெள்ளைக்காரப் பிள்ளையைக் குளிப்பாட்டி, அதன் துணியை அலசி, அதன் பீயையும் மூத்திரத்தையும் என் கையால் கழுவினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அதே கையால் சோறு போட்டேன். உன் அப்பா நன்றாகச் சாப்பிட்டார். "புள்ள இன்னைக்கு என்னா பண்ணிச்சு?" என்று அவரே கேட்பார். பிள்ளை வளர்ந்ததும் படிக்க வைக்கவென்று அதைச் சீமைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, துரைசாணி தனியாகத் திரும்பி வந்தார். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது. கொழும்பிலிருந்து ரயிலில் ஒரு பிரம்புக் கூடை வந்தது. அதற்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பூனை.

தோட்டத்து மழை உனக்குத் தெரியும். பிடித்தால் விடாது. அந்தப் பூனை ஈரத்தில் கால் வைக்காது, கதவைத் திறந்தால் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதனால் பின்வராந்தாவில் அதற்கு ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் மரத்தூள் போட்டு வைத்திருந்தார்கள். வாசல்கூட்டி காளியம்மா காலையில் ஒரு தடவை வந்து அதைக் கொட்டிவிட்டு, பினாயில் ஊற்றிக் கழுவி வைத்துவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க அது அப்படியே கிடக்கும். பூனை அதன் பக்கமே போகாமல் துரைசாணியின் கம்பளத்தில் போனது. கோக்கி அப்பு சிங்கள ஆள், சமையல்கட்டு அவர் ராஜ்ஜியம். அவர் தலையில் அடித்துக்கொள்வார். "லயத்துல இருவது வீட்டுக்கு ஒரு கக்கூஸ். இந்த பலல்கு, அந்த பூனைக்கு, தனியா ஒண்ணு. அதுலயும் போக மாட்டானாம். தொரைய விட பெரிய தொரை." நான் சிரித்தேன். அப்போது அது எனக்குச் சிரிக்கிற சங்கதியாகத்தான் இருந்தது.

துரைசாணி ஒரு நாள் அப்புவையும் என்னையும் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "பூனை அழுக்கு பண்ணினா ஒடனே எடுக்கணும். வீட்டுக்குள்ள இருக்கிற ஆள் எடுக்கணும். இல்லாட்டி தொரை பூனைய சுடுவார்." அப்பு உடனே, "நான் சாப்பாடு தொடுற ஆள் நோனா, என்னால ஏலாது" என்றார். துரைசாணி என்னைப் பார்த்தார். "ஆயா, புள்ளை போச்சு. நீ பூனை பார். சம்பளம் அதேதான்." மாட்டேன் என்றால் கூடையும் கயிறுமாக மலைக்குத் திரும்ப வேண்டும். உன் அப்பாவின் பாதிப் பேரையும் என் பேரையும் சேர்த்தாலும் உனக்குச் சட்டைத்துணி எடுக்க முடியாது. சரி என்றேன். வீட்டுக்கு வந்து என்ன சொன்னேன் தெரியுமா? "தொரசாணி என்னைய விட மாட்டேங்குறாங்க. புள்ள இல்லாட்டியும் ஆயாவா இருன்னு சொல்லிட்டாங்க" என்றேன். உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குப் பேர் போடுகிற பெரட்டில் எல்லோரிடமும் அதையே சொல்லியிருக்கிறார். நீ இன்றைக்குச் சொல்கிறாயே ஒரு பொய், அதன் விதை இதுதான்.

வேலையை ஏற்றுக்கொண்ட பிறகு நான் அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. பூனையின் கூடவே திரிந்து பார்த்தேன். பீங்கான் தட்டு அதற்குக் குளிர்ந்தது, கிளறினால் கிரீச் என்று சத்தம் வந்தது. மரத்தூள் ஈரம் பட்டால் பாதத்தில் ஒட்டியது. அடுப்புச் சாம்பலைச் சலித்துப் போட்டுப் பார்த்தேன், கம்பளம் முழுக்கச் சாம்பல் பாதம் பதித்துவிட்டது. ஸ்டோரிலிருந்து தேயிலைக் கழிவுத்தூள் கொண்டுவந்து போட்டேன், அதன் மேல் படுத்துத் தூங்கியது. கடைசியில் ஆற்று மணலை அள்ளி, கல் இல்லாமல் சலித்து, அடுப்போரம் காயவைத்து, நாலு விரல் ஆழத்துக்குப் போட்டேன். அதைத்தான் அது ஏற்றுக்கொண்டது. நீயும் வீடு கட்டுகிற இடம் எதிலாவது ஒரு வாளி மணல் கேட்டு வாங்கு. பினாயில் ஊற்றாதே. நமக்கு அது சுத்தத்தின் வாசனை, அதற்கு அது மூக்கில் அறைகிற மாதிரி. வெந்நீரில் கழுவி வெயிலில் வை, வெயில் இல்லாத நாளில் அடுப்புப் பக்கம் வை. மணல் மாற்றும்போது பழைய ஈர மணலில் ஒரு பிடி மட்டும் விட்டுவை. தன் இடம் என்று அதற்குத் தெரிய வேண்டும்.

எங்கே வைப்பது என்பதில்தான் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள். நாம் அதை ஒளித்துவைக்கப் பார்ப்போம். நானும் அதைத்தான் செய்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்று விறகு அறைக்குப் பின்னால், நாய் படுக்கிற வழியில் வைத்தேன். பூனை போகவில்லை. பிறகு பெட்டிக்கு மூடி போட்டு, பக்கத்தில் ஓட்டை வெட்டி வைத்தேன். அது ஓட்டைக்கு முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டு எழுந்துபோனது. அதற்கு மறைப்பு வேண்டாம், தம்பி. யாரும் மிதித்துக்கொண்டு போகாத மூலை வேண்டும், உட்கார்ந்தபடியே வாசலைப் பார்க்க வேண்டும், சோறு வைக்கிற இடத்துக்குத் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவுதான். அந்தப் பெட்டியை மறைத்தது எனக்காக. யாராவது வந்தால் என்னை அதோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதே என்று.

நான் பெட்டியைத் தொட்ட மறுநாளே அப்பு என் கோப்பையைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டார். பின்பக்கச் சன்னல் கட்டையில், காளியம்மாவின் தேங்காய்ச் சிரட்டைக்குப் பக்கத்தில் வைத்தார். காளியம்மாவுக்குத் தேத்தண்ணி சிரட்டையில்தான். அவள் சிரட்டையைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள், நான் மேலே இருந்து ஊற்றுவேன். அத்தனை வருஷமும் அப்படித்தான் ஊற்றியிருக்கிறேன், அதில் ஒரு யோசனையும் எனக்கு வந்ததில்லை. அன்றைக்கு என் கோப்பையிலும் அப்பு மேலே இருந்து ஊற்றினார். காளியம்மா அதைப் பார்த்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னாள். "வாங்கக்கா, இப்பிடி உக்காருங்க. சூடு ஆறுறதுக்குள்ள குடிச்சிப்புடணும், சிரட்டையில சீக்கிரம் ஆறிப்போகும். கோப்பையில எப்பிடியோ." எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "யாருடி ஒனக்கு அக்கா?" என்று கேட்டு அவள் சிரட்டையைக் காலால் எத்திவிட்டேன். அது படியில் உருண்டு வடிகானில் விழுந்தது. அவள் இறங்கிப் போய், அதை எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, பழைய இடத்தில் வைக்காமல் மதிலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. என்னை ஒதுக்கியது அப்பு. அவரை ஒரு வார்த்தை கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. உதைக்கக் கிடைத்த ஆள் காளியம்மா. பூனைப் பெட்டியை நினைத்து நான் கூனிப்போன காலம் உண்டு, இப்போது இல்லை. அந்தச் சிரட்டையை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்பது உனக்கும் ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நீ பின்கேட் வழியாக வந்தாய். பசி எடுத்தால் அப்பு ஒரு துண்டு ரொட்டி கொடுப்பார் என்று உனக்குத் தெரியும். நான் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு மணலில் கிடந்ததை அள்ளிக் குழியில் போட்டுக்கொண்டிருந்தேன். "தம்பி" என்று கூப்பிட்டேன். நீ கேட்டுக்கு வெளியிலேயே நின்றாய். பிறகு ஓடிப்போனாய். ராத்திரி நான் வந்தபோது உன் அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தேன், அவர் சத்தம்கூடப் போடவில்லை.

"ஆயா வேலைன்னு சொன்ன."

"ஆயா வேலைதான். புள்ள போயிருச்சு, பூனை வந்திருக்கு."

"ரெண்டும் ஒண்ணா?"

"புள்ள பீய அள்ளிட்டு வந்து சோறு போட்டனே, அப்ப நீங்க திங்கலியா?"

"அது புள்ள."

"அதுவும் பீதாங்க."

அவர் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "நான் பெரட்டுல பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே புள்ள. என்னைய அப்பிடி சொல்ல விட்டுட்டியே" என்றார். மறுநாளிலிருந்து அந்த ஊனக் கையோடு தனக்குத் தானே பொங்கிக்கொண்டார். காம்பராவின் ஒரு மூலையில் மூன்று கல் வைத்து இன்னொரு அடுப்பு. உனக்கும் அவர்தான் போட்டார். என் சம்பளத்தில் வாங்கிய அரிசிதான் இரண்டு அடுப்பிலும் வெந்தது, அதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வேலையை விடு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. விட்டால் நீ படிப்பை நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் கோபம் வேலையின் மேல் பாதி, பொய்யின் மேல் பாதி என்று நான் நினைத்துக்கொள்கிறேன். எந்தப் பாதி பெரிது என்று கேட்க நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது. துரை சீமைக்குப் போய், பங்களா வேலை முடிந்து, நான் வீட்டில் இருந்த காலத்திலும் அந்த இரண்டாவது அடுப்பு எரிந்தது. பழகிவிட்டது.

கடைசியாக அவர் படுக்கையில் விழுந்தபோது கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் ஊட்டினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். எல்லோரும் கடைசிக் காலத்தில் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று பேசினார்கள், நீயும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது, தம்பி. என்னை மன்னித்து வாங்கினாரா, வேண்டாம் என்று தலையைத் திருப்பப் பலமில்லாமல் வாங்கினாரா? அவர் கீழுக்கும் மேலுக்கும் நான்தான் சுத்தம் செய்தேன். ஒருதரம் செய்து முடித்து எழுந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அதை நினைத்து நான் அழுகிறேனே தவிர, அதற்கு இதுதான் அர்த்தம் என்று சொல்லிக்கொள்ளத் துணிச்சல் இல்லை.

உன் கலியாணச் சங்கதிக்கு வருகிறேன். பெண் பார்க்கப் போனபோது, அம்மா பங்களாவில் துரைசாணி பிள்ளையை வளர்த்தவர் என்று நீ சொன்னாய். சரோஜாவின் அப்பா என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நான் தலையாட்டினேன். நீ பாதி உண்மை சொன்னாய், அதைத் தலையாட்டி முழுசாக்கினது நான். கலியாணத்தன்று பந்தி போடுகிற நேரத்தில் நீ என்னைத் தனியாகக் கூட்டிப்போய், "பந்தியில கை வைக்காதீங்கம்மா. நம்ம லயத்து ஆளுக வந்திருக்காங்க, யாராச்சும் ஏதாச்சும் சொல்லிப்புட்டா அசிங்கமாயிரும்" என்றாய். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டேன். புதுச் சேலை, தலையில் பூ. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு என்ன கெத்து என்று பெண் வீட்டார் நினைத்திருப்பார்கள். சரோஜாவே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். "அத்தை, ஒரு கரண்டி பாயாசமாச்சும் நீங்க ஊத்துங்க, அப்பதான் எங்களுக்கு நெறைவா இருக்கும்" என்றாள். கால் வலிக்கிறது என்றேன். அவள் உடனே கீழே உட்கார்ந்து, கலியாணப் பட்டோடு, என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள். இல்லாத வலிக்கு அந்தப் பிள்ளை கால் பிடித்துவிட்டது. உன் அப்பா எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் வந்து, அவள் கண்ணுக்கு முன்னால், வாசல்கூட்டி செய்ததைப் பார்த்த மாதிரி நான் நடிக்க வேண்டும் என்கிறாய். பெட்டியில் மணல் ஈரமாகிவிட்டது என்று எனக்கு மூக்கில் தெரியும், தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். என் கை அதற்குப் போய்விடும், தம்பி. போனால் நீ என்னைப் பார்ப்பாய். கேட்டுக்கு வெளியில் நின்று பார்த்தாயே, அந்தப் பார்வையை இன்னொரு தடவை தாங்க எனக்கு வயது இல்லை. சின்ன வயதில் நீ பார்த்தது தப்பில்லை, பார்த்ததை அப்பாவிடம் சொன்னதும் தப்பில்லை. அந்த வீட்டில் உண்மை பேசினது அன்றைக்கு நீ ஒருவன்தான். அதற்கப்புறம் நாங்கள் உன்னைக் கெடுத்துவிட்டோம். உன்னைத் தெருவில் பூனைப்பீ என்று பையன்கள் கூப்பிட்டபோது நான் வெளியே வந்து, ஆமாம், அந்தக் காசில்தான் இவன் படிக்கிறான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவைச் சாத்துகிறவள் பிள்ளைக்கு வேறு என்ன தெரியும்.

இப்போது நான் சொல்கிறதைச் செய். பெட்டியை நீ அறு, மணலை நீ சலி. சரோஜா செய்கிறேன் என்றாலும் கொடுக்காதே. முழுகாமல் இருக்கிற பிள்ளை, அந்த நாற்றம் அவளுக்குப் புரட்டும். காலையில் கடைக்கு இறங்குமுன் ஒரு தடவை, சாயங்காலம் வந்ததும் ஒரு தடவை, இடையில் கண்ணில் பட்டால் அப்போதே அள்ளிவிடு. குட்டியைக் கூட்டிப்போய் உள்ளே விட்டு, அதன் முன்னங்காலைப் பிடித்து மெதுவாக மணலைக் கிளறிக் காட்டு. போன இடத்தில் மூக்கைத் தேய்க்காதே, அது உன்னைக் கண்டு பயப்படும், வேறொன்றும் படிக்காது. துணிக்கட்டுப் பக்கம் போகிற படிக்கதவைக் கொஞ்ச நாளைக்குச் சாத்திவை. பெட்டியைக் கொட்ட எடுத்துப் போகும்போது கடைக்குள்ளேதான் இறங்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைப் பையன்கள் நிற்பார்கள், வாடிக்கை ஆட்கள் இருப்பார்கள், முதலாளி இருப்பார். காகிதமோ சாக்கோ போட்டு மூடாதே. அப்படியே கொண்டு போ.

முதல் நாள் முகம் எரியும். யாராவது சிரிப்பார்கள். அதைச் செய்து முடித்துவிட்டு மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டு, சரோஜாவை உட்காரவைத்துச் சொல். "அம்மா பங்களாவுல கடைசி வருஷமெல்லாம் செஞ்ச வேலை இதுதான்" என்று சொல். அப்பா ஏன் தனியாகப் பொங்கினார் என்பதையும் சொல். காளியம்மாவின் சிரட்டையை நான் உதைத்ததையும் சொல், என்னை நல்லவளாக்கிச் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி நீ தப்பித்துக்கொள்ளக் கூடாது. உன் வாயால் சொன்ன பிறகு வேண்டுமானால் கொடு.

அவள் என்ன சொன்னாள் என்று நீ எனக்கு எழுத வேண்டாம். நீ எழுதினால் அதில் எது உண்மை என்று நான் யோசித்துக்கொண்டே இருப்பேன். அவளையே எழுதச் சொல். அவள் கையெழுத்தில் வாங்க அத்தை என்று வந்தால், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். வராவிட்டால் அவள் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, அவள் அப்பா வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாது. இந்த மாதக் கடைசிக்குள் கண்டாக்கையாவிடம் பதில் சொல்ல வேண்டும், பழைய கொழுந்துக் கூடையை எடுத்துப் பார்த்தேன், நார் விட்டிருக்கிறது, கட்டிக்கொள்ளலாம். செடி மட்டம் பார்த்துக் கொழுந்து எடுக்க ஒரு மட்டக் கோல் வாங்க வேண்டியிருக்கும்.

சரோஜாவைக் கனமான வாளி தூக்க விடாதே. குட்டிக்குப் பேர் என்ன வைத்திருக்கிறாள் என்று நீ எழுதவே இல்லை.

உன் அம்மா